சென்னையிலிருந்து நெல்லைக்கு: வாகைகுளமா, மதுரையா, திருவனந்தபுரமா, வந்தே பாரத்தா?

திருநெல்வேலிக்கு விமான நிலையம் கிடையாது. சென்னையிலிருந்து நெல்லைக்குப் பறக்க நினைப்பவர் முன்னால் மூன்று இறங்குமிடங்கள் இருக்கின்றன. டிக்கெட்டில் ‘தூத்துக்குடி’ என்று அச்சாகும் வாகைகுளம் ஒன்று. மதுரைக்குத் தெற்கே பெருங்குடி ஒன்று. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் ஒன்று. டிக்கெட் தளத்தில் தேடினால் மூன்றுக்கும் பயண நேரம் ஒன்றே கால் மணிக்கும் ஒன்றே முக்கால் மணிக்கும் நடுவில்தான் காட்டும். விலை மட்டும் ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறி இறங்கும். ‘மதுரை மலிவா இருக்கு, இறங்கி ஒரு பஸ் பிடிச்சா முடிஞ்சுது’ என்று பதிவு செய்துவிட்டு, பாளையங்கோட்டை வீட்டுக் கதவை ராத்திரி பதினொரு மணிக்குத் தட்டுகிறவர்கள் உண்டு. கணக்கு தப்புவது எப்போதும் இறங்கிய பிறகுதான்.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடலாம். நேர்கோட்டில் அளந்தால் சென்னை–வாகைகுளம் சுமார் 527 கி.மீ., அதாவது 284 கடல் மைல். சென்னை–மதுரை சுமார் 416 கி.மீ., சென்னை–திருவனந்தபுரம் சுமார் 612 கி.மீ. வரைபடத்தில் ஸ்கேல் வைத்து மீனம்பாக்கத்திலிருந்து வாகைகுளத்துக்குக் கோடு போட்டால் அது நெய்வேலி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மானாமதுரை ஆகிய ஊர்களின் தலைக்கு மேலேயோ பக்கத்திலோ போகும். மதுரைக்குப் போடும் கோடு விழுப்புரம், திருச்சி வழியாக விழும். அது ஏறக்குறைய விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு ரயிலின் குறுக்குப் பாதையான கார்டு லைன் (chord line) போகும் பாதை. எழும்பூர்–திருநெல்வேலி ரயில் பாதை சுமார் 650 கி.மீ. நேர்கோட்டை விடச் சுமார் 20 சதவீதம்தான் அதிகம் என்பதால், இந்தத் தடத்தில் ரயில் அப்படியொன்றும் சுற்றிப் போகவில்லை. வந்தே பாரத் இங்கே விமானத்துக்குப் போட்டியாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விமானம் அந்தக் கோட்டின் மேலேயே பறப்பதில்லை. காற்றின் திசையைப் பார்த்து ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து கிளம்புகிறது, எந்த வான்வழித் தடம் தருகிறார்கள், இறங்கும் இடத்தில் எந்தப் பக்கமிருந்து சுற்றி வருகிறது என்பதைப் பொறுத்து 20 முதல் 40 கி.மீ. கூடும்.

இனி நேரம். வாகைகுளத்துக்கு நெடுங்காலம் விசிறி வைத்த விமானங்கள்தான் வந்தன. பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான், அதில் பெரிய ஜெட் இறங்க வழியில்லை. இப்போது அது 3,115 மீட்டராக நீண்டுவிட்டது, புது டெர்மினலும் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. ஏ320, ஏ321 போன்ற பெரிய ஜெட் ரகங்கள் இறங்கப் போதுமான நீளம். மதுரையின் ஓடுபாதையே 2,285 மீட்டர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். ஆனாலும் டிக்கெட் எடுக்கும்போது விமானத்தின் ரகம் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். விசிறி வைத்த சின்ன விமானமான ஏடிஆர் 72 என்றால் கணக்கு இப்படி வரும்.

ஏடிஆர் உயரத்தில் சீராகப் பறக்கும் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. 527 கி.மீ.க்கு 63 நிமிடம். தடச் சுற்றுக்கு 4 நிமிடம், மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதில் 8 நிமிடம். ஆக வானத்தில் 75 நிமிடம். சென்னையில் வரிசையில் நின்று ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும், வாகைகுளத்தில் இறங்கி நிற்பதற்கும் 15 நிமிடம். மொத்தம் ஒன்றரை மணி. விமான நிறுவனங்கள் இதோடு ஐந்து, பத்து நிமிடம் கைவசம் வைத்துத்தான் அட்டவணை போடும். அதனால்தான் ‘பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்’ என்ற அறிவிப்பு அடிக்கடி காதில் விழுகிறது.

அதே தூரத்தை ஏ320 போனால் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் வேகம், 40 நிமிடத்துக்குள் முடித்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஜெட் தன் முழு உயரத்துக்கு ஏறி முடிப்பதற்குள் பாதி வழி ஓடிவிடும், உடனே இறங்க ஆரம்பிக்க வேண்டும். ஏறி இறங்கும் நட்டத்தையும் தரையில் ஊரும் நேரத்தையும் சேர்த்தால் 70 முதல் 75 நிமிடம். ஆக ஜெட்டில் போனால் மிச்சம் ஒரு கால் மணி, மிஞ்சிப்போனால் இருபது நிமிடம். எதிர்காற்றும் அப்படித்தான்: மணிக்கு 30 கி.மீ. எதிர்காற்று முழுத் தூரமும் அடித்தால் ஏடிஆருக்கு நான்கு நிமிடம் கூடும், அவ்வளவே. 110 கி.மீ. குறைவான மதுரைக்கும் வாகைகுளத்துக்கும் இடையே ஒரே ரக விமானத்தில் வித்தியாசம் 13 நிமிடம். இந்த நிமிடங்களை வைத்து விமான நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமே இல்லை.

வீட்டிலிருந்து வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிளம்புவது தாம்பரம், சேர்வது பாளையங்கோட்டை.

வாகைகுளம் வழி: விமான நிலையம் போக 30 நிமிடம், அங்கே காத்திருப்பு 90, விமானம் 95, இறங்கி லக்கேஜ் எடுக்க 20, காரில் 30 கி.மீ.க்கு 45. மொத்தம் 280 நிமிடம், 4 மணி 40 நிமிடம்.

மதுரை வழி: 30, 90, விமானம் 80, லக்கேஜ் 25, அதன் பிறகு சாலையில் 150 கி.மீ., குறைந்தது 160 நிமிடம். மொத்தம் 6 மணி 25 நிமிடம்.

திருவனந்தபுரம் வழி: 30, 90, ஜெட்டில் 85, லக்கேஜ் 30, சாலையில் அதே 150 கி.மீ.தான், ஆனால் மூன்றரை மணி. மொத்தம் 7 மணி 25 நிமிடம்.

வந்தே பாரத்: தாம்பரம் ஸ்டேஷனிலேயே ஏறலாம். வீட்டிலிருந்து 20, பிளாட்பாரத்தில் 20, ரயிலில் ஏழரை மணிக்குச் சற்றுக் குறைவு, ஜங்ஷனிலிருந்து பாளைக்கு ஆட்டோ 20. மொத்தம் எட்டரை மணியை ஒட்டி.

அதாவது வாகைகுளம் விமானம் வந்தே பாரத்தை விட நான்கு மணி நேரம் மிச்சம் பண்ணுகிறது. மதுரை விமானம் இரண்டு மணி நேரம். திருவனந்தபுரம் ஒரு மணி நேரம், அதுவும் மார்த்தாண்டத்தில் நெரிசல் இல்லாத நாளில். வட சென்னைக்காரர்களுக்கு இந்த மிச்சம் இன்னும் குறையும். திருவொற்றியூர், பெரம்பூர்ப் பக்கமிருந்து எழும்பூர் கிட்டே, மீனம்பாக்கம் தூரம். அங்கேயே முக்கால் மணி போய்விடும். எழும்பூருக்கும் விமான நிலையத்துக்கும் மெட்ரோ இருக்கிறது. ஆனால் மெட்ரோ ஓட ஆரம்பிப்பது காலை ஐந்து மணிக்கு. ஆறு மணி விமானத்துக்கு அதை நம்ப முடியாது.

மதுரை வழியில் பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருங்குடியிலிருந்து ரிங் ரோடு பிடித்து நான்குவழிச் சாலையில் ஏறினால் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என்று நெல்லை போய்ச் சேர்வதற்குள் மூன்று டோல்கேட். ஒன்வே டிராப் டாக்சி கி.மீ.க்கு 14, 15 ரூபாய் என்று வைத்தால் வண்டிக்கு 2,200 ரூபாயை ஒட்டி வரும். டிரைவர் பேட்டாவும் டோலும் சேர்ந்தால் மூவாயிரத்தை எட்டிவிடும். விமான டிக்கெட்டில் 1,500 மிச்சம் பிடித்து டாக்சியில் அதை விட அதிகமாகக் கொடுப்பது தனியாகப் போகிறவருக்கு நட்டம். நான்கு பேராகப் போனால் கணக்கு மாறும், டிக்கெட்டில் மிச்சமாவது 6,000, டாக்சி ஒன்றுதான். பேருந்தில் போவதென்றால் விமான நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணி போய்த்தான் நெல்லை வண்டி பிடிக்க வேண்டும். அந்தச் சுற்றுக்கும் காத்திருப்புக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வாகைகுளத்தில் வேறு சிக்கல். நெல்லை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் பேருந்துகள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் ஏர்போர்ட் விலக்கில் எல்லா வண்டியும் நிற்காது, இடைநில்லாப் பேருந்துகள் கண்டுகொள்ளாமல் போய்விடும். விலக்கு வரைக்கும் பெட்டியை உருட்டிக்கொண்டு வெயிலில் நடப்பதும் சுலபமில்லை. பெரிய நகரங்களில் போல இறங்கியதும் செயலியில் வண்டி கிடைத்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். முந்தின நாளே நெல்லையிலோ தூத்துக்குடியிலோ உள்ள ஒரு டிராவல்ஸில் சொல்லி வைத்துவிடுவது நல்லது. டிரைவரிடம் விமானம் கிளம்பும் நேரத்தைச் சொல்லாமல் இறங்கும் நேரத்தைச் சொல்லுங்கள், விமான எண்ணையும் கொடுங்கள். தாமதமானால் அவரே பார்த்துக்கொள்வார்.

இதுவரை சொன்னது பாளையங்கோட்டைக் கணக்கு. ஊர் மாறினால் விடையும் மாறும்.

திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், அம்பாசமுத்திரம், வள்ளியூர் ஆகியவற்றுக்கு யோசிக்காமல் வாகைகுளம். தென்காசிக்கும் வாகைகுளம்தான் கிட்டே, சுமார் 85 கி.மீ., இரண்டு மணி நேரம். மதுரையிலிருந்து ராஜபாளையம் வழியாகப் போனால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஆனால் தென்காசிக்காரருக்கு ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் நேரே வீட்டு ஊரிலேயே இறக்கிவிடுகிறது. அதை விட்டுவிட்டு விமானம் ஏற அவசர வேலை ஏதாவது இருக்க வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், விருதுநகருக்கு மதுரை.

கோவில்பட்டி சுவாரசியமான ஊர். வாகைகுளத்திலிருந்து ஒன்றே கால் மணி, மதுரையிலிருந்து ஒன்றரை மணி. கால் மணி வித்தியாசத்தை மறந்துவிட்டு எந்த டிக்கெட் மலிவோ அதை எடுக்கலாம். எழும்பூரில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் நாகர்கோவில் வந்தே பாரத்தும் அங்கே நிற்கும்.

நாகர்கோவிலில்தான் வரைபடத்தைப் பார்த்து ஏமாறுவது. திருவனந்தபுரம் விமான நிலையம் 70 கி.மீ.தான், வாகைகுளம் சுமார் 110 கி.மீ. ஆனால் அந்த 70 கி.மீ. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று வழிநெடுகக் கடைத்தெருவுக்குள் புகுந்து போகும் சாலை. இரண்டு மணி நேரத்துக்கு மேல்தான் ஆகும். வாகைகுளத்திலிருந்து நெல்லை வந்து, நாங்குநேரி, ஆரல்வாய்மொழி வழியாக நான்குவழிச் சாலையில் போனாலும் ஏறக்குறைய அதே இரண்டு மணிதான். தூரம் கூடுதல், நேரம் சமம். முதுகுவலிக்காரர்கள் வாகைகுளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வளைகுடாவிலிருந்து வருபவர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவர்களுக்கு நேரடி விமானங்கள் திருவனந்தபுரத்துக்கு இருப்பதால் அதுவே சரி.

இனி ரயில் பக்கம். எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. நெல்லையிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியம் இரண்டுக்குள் எழும்பூர். திரும்பும்போது பிற்பகல் மூன்றுக்குச் சற்று முன்னால் கிளம்பி இரவு பத்தரை, பத்தே முக்காலுக்கு நெல்லை. செவ்வாய்க்கிழமை கிடையாது. நாகர்கோவில் வண்டிக்குப் புதன் விடுமுறை. சேர் கார் சாப்பாட்டோடு 1,600, 1,700 ரூபாய் அளவில், எக்ஸிகியூட்டிவ் 3,000-ஐ ஒட்டி. எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வர வேண்டும், காலை நீட்ட முடியாது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது ஒரு விலை. அவர்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸின் கீழ் பெர்த் எவ்வளவோ மேல். பத்தரை மணி நேரம் ஓடுகிற வண்டி, அதில் ஏழெட்டு மணி நேரம் தூக்கத்தில் கழிந்துவிடும். பகல் பொழுதில் எவ்வளவு நேரம் பறிபோகிறது என்று மட்டும் பார்த்தால் வாகைகுளம் விமானத்தையே நெல்லை எக்ஸ்பிரஸ் தோற்கடித்துவிடும். சீட் கிடைப்பதுதான் பாடு. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும், பொங்கல், தீபாவளி நாட்களுக்கு நிமிடங்களில் தீர்ந்துவிடும். தட்கல் முந்தின நாள், ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று.

பண்டிகை நாளில் விமானக் கட்டணம் ஒரு வழிக்கே பத்தாயிரத்தைத் தாண்டும். ஏடிஆரில் இருப்பதே 78 சீட், மலிவு விலைக் கட்டம் முதல் நாளிலேயே காலி. அப்போது மதுரை, திருச்சி விலைகளையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய விமானம் போகும் இடத்தில் ஏற்றம் சற்று மெதுவாக நடக்கும். பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: போகியன்று அதிகாலை விமானம் எடுக்காதீர்கள். பழையதைக் கொளுத்திய புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் ஓடுபாதையே கண்ணுக்குத் தெரியாமல் போய், விமானங்கள் தாமதமாவதும் வேறு ஊருக்குத் திருப்பப்படுவதும் பல வருடம் நடந்திருக்கிறது. பத்து மணிக்கு மேல் கிளம்பும் விமானம் என்றால் பயமில்லை.

மழைக்காலத்தில் இரண்டு முனையும் சிக்கல்தான். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் மூடியது. இரண்டே வாரத்தில், 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டித் தென் மாவட்டங்கள் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. நவம்பர், டிசம்பரில் கல்யாணம், நேர்காணல் என்று நாள் தவறக் கூடாத வேலை இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுவதுதான் வழி.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுற்றவிடும் அதே மேற்குக் காற்றுதான் வாகைகுளத்தின் மேலேயும் அடிக்கிறது. ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால் காற்றுக்கு எதிரே இறங்க வசதி. ஆனால் மதிய நேரத்தில் சின்ன விமானம் நன்றாகக் குலுக்கும். வயிறு தாங்காதவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை முதல் விமானத்தையே எடுக்கட்டும். காற்று மிஞ்சினால் பக்கத்து விமான நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அப்போது மதுரைக் கணக்குதான் உங்களுக்கும்.

ஏடிஆரில் முதல் முறை ஏறுபவர்களுக்குச் சில விஷயங்கள். ஏறுவது பின்பக்க வாசலில். இரண்டு இரண்டு சீட்டாக இருப்பதால் நடு சீட் தொல்லை இல்லை. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் கீழே தெரியும். விசிறிக்கு நேரே வரும் முன்வரிசைகளில் இரைச்சல் அதிகம், நடுவுக்குப் பின்னால் எடுங்கள். தலைக்கு மேலிருக்கும் பெட்டி சிறியது, சக்கரம் வைத்த டிராலி அதில் நுழையாது, விமானத்தடியிலேயே வாங்கி வைத்து இறங்கியதும் கொடுப்பார்கள். அதனால் லேப்டாப்பையும் மாத்திரையையும் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். லக்கேஜ் பொதுவாக 15 கிலோ, கைப்பை 7 கிலோ. ஊரிலிருந்து திரும்பும்போதுதான் எடை மீறும். கட்டியான அல்வாவுக்குக் கைப்பையில் பொதுவாகத் தடையில்லை. ஊறுகாயையும் எண்ணெய் பாட்டிலையும் செக்யூரிட்டியில் எடுத்து வைத்துவிடுவார்கள். தூத்துக்குடி மக்ரூனை லக்கேஜில் போட்டால் சென்னையில் தூள்தான் கிடைக்கும்.

விமானம் ரத்தானால் என்ன கிடைக்கும் என்பதும் பயண நேரத்தை வைத்துத்தான். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, முன்கூட்டியே சொல்லாமல் ரத்து செய்தால், ஒன்று முதல் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. இது டிக்கெட் பணம் திரும்பக் கிடைப்பதற்கு மேலே வருவது. மழை, புயல், மூடுபனி காரணமென்றால் இந்த இழப்பீடு இல்லை, மாற்று விமானமோ பணமோ மட்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமென்றால் முழுப் பணத்தையும் கேட்டு வாங்கலாம்.

திரும்பும் பயணத்துக்கு நெல்லையிலிருந்து வாகைகுளம் 45 நிமிடம் என்று சொன்னது வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலம் ஒழுங்காக இருக்கும் நாளில். அந்தப் பாலம் பலமுறை சேதமாகி, ஒரு பக்கத்தை மூடிவிட்டு எல்லா வண்டியையும் மறுபக்கம் விட்டிருக்கிறார்கள். லக்கேஜ் கவுண்டர் விமானம் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன் மூடிவிடும், கேட் 25 நிமிடத்துக்கு முன். எனவே நெல்லை வண்ணார்பேட்டையிலிருந்து இரண்டே கால் மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். லக்கேஜ் இல்லாமல் வெப் செக்கின் முடித்திருந்தால் ஒன்றே முக்கால் மணி போதும்.